சுவருக்கு முகூர்த்தம் தெரியாது

தை பிறந்துவிட்டால் கிரகப்பிரவேசப் பத்திரிகைகள் வரிசைகட்டி வரும். ஆடியில் வைக்கமாட்டார்கள், புரட்டாசியில் யோசிப்பார்கள், மார்கழியில் பேச்சே இல்லை. ஆகவே வீடு கட்டுகிறவர்களில் பாதிப் பேரின் கண் தை மாத முகூர்த்த நாள்கள் மேல்தான். நாள் குறித்துப் பத்திரிகையும் அடித்தாகிவிட்டால், அதன்பிறகு வீடு அந்தத் தேதியை நோக்கி ஓட ஆரம்பிக்கும். ஐப்பசியில் பூச்சு, கார்த்திகையில் பட்டி, மார்கழியில் பெயின்ட், தையில் பால் காய்ச்சுதல். பஞ்சாங்கப்படி இதில் ஒரு குறையும் இல்லை. வானிலைப்படி இதைவிட மோசமான வரிசை தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்றே ஈரமாக இருக்கிற மாதங்களில் ஈரச் சுவரைக் காயவைக்கப் பார்க்கிறோம்.

விசேஷத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். டைல்ஸைப் பாராட்டுவார்கள். மாடுலர் கிச்சனின் இழுப்பறைகளைத் திறந்து மூடுவார்கள். பூஜையறைக் கதவின் மணியை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார்கள். சுவரைப் பற்றி வருகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “இது என்ன கலர்?” அந்தக் காலை வேளையில் சுவர் அழகாகத்தான் இருக்கும். எந்தச் சுவரும் முதல் மாதத்தில் அழகுதான்.

அடுத்த ஆண்டு மழை ஓய்ந்த பிறகு அதே வீட்டுக்குப் போய் சோபாவை நகர்த்திப் பாருங்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்திருக்கும். விரலால் தொட்டால் வெள்ளை மாவு உதிரும். தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் நேர்கோடாக ஒரு வெடிப்பு ஓடும். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் தேமல் படர்ந்திருக்கும். உடனே பெயின்டருக்குப் போன் போகும்: “நீங்க அடிச்ச பெயின்ட் சரியில்லை.” அவர் கம்பெனியைச் சொல்வார். கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டுச் சுவரைச் சொல்வார். மூவரில் கடைசியாகச் சொன்னவர் சொன்னதுதான் பெரும்பாலும் உண்மை. ஆனால் அதைச் சொல்லும் நேரம் தப்பிப்போயிருக்கும்.

இரண்டு கோட் எமல்ஷன் காய்ந்த பிறகு அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதற்குக் கீழே ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டி. அதற்குக் கீழே 12 மில்லிமீட்டர் சிமென்ட் பூச்சு. அதற்கும் கீழே நாலரை அங்குலமோ ஒன்பது அங்குலமோ செங்கல். வீட்டுக்காரர் நிறஅட்டையைப் புரட்டிப் புரட்டி வாரக்கணக்கில் யோசிப்பது மேலே இருக்கிற அந்த மெல்லிய படலத்துக்காக. சுவர் கெடுவதோ கீழே இருக்கிற மூன்றில்.

அறுபத்தைந்து லிட்டர் எங்கே போகும்?

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். கதவு, ஜன்னல் போக நான்கு சுவரும் சேர்ந்து ஏறத்தாழ 400 சதுர அடி. ஒன்றுக்கு ஐந்து கலவையில் 12 மில்லிமீட்டர் பூசினால் மூன்று மூட்டை சிமென்ட் வரை பிடிக்கும். அந்தக் கலவையைக் குழைக்க மட்டும் நூறு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். சிமென்ட் இறுகும்போது தன் எடையில் கால்வாசித் தண்ணீரைத்தான் தன்னோடு சேர்த்துக் கல்லாக்கிக்கொள்ளும். அதாவது முப்பத்தைந்து லிட்டர். மிச்சமுள்ள அறுபத்தைந்து லிட்டருக்கு அந்தச் சுவரில் வேலை இல்லை. ஆவியாகி வெளியேறுவதைத் தவிர வேறு வழியும் இல்லை. பூசுவதற்கு முன் செங்கலில் அடித்த தண்ணீர், பூசிய பின் ஒரு வாரம் நனைத்த தண்ணீர், கட்டும்போதே செங்கல் குடித்திருந்த தண்ணீர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை. இது ஓர் அறைக்கு மட்டும். வீடு முழுவதற்கும் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு நீர் வெளியேறும் வாயிலை அடைத்துவிடுவதுதான் அவசரப் பெயின்ட். சுவரின் முகத்தில் பிளாஸ்டிக் தன்மையுள்ள படலம் ஏறிவிட்டால் ஈரம் அதைத் தள்ளப் பார்க்கும், தள்ளுகிற இடம் கொப்புளமாகும். பூச்சு முடிந்து குறைந்தது 28 நாள் விட வேண்டும் என்பது பெயின்ட் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற கணக்கு. அது நல்ல வெயில் காலத்துக்கான கணக்கு. மழை மாதத்தில் ஒன்றரை மாதம், இரண்டு மாதம் என்று நீளும். ஜன்னல்களை அடைத்துப் பூட்டிப் போட்ட வீட்டில் அதற்கும் மேல்.

காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மேல்முகம் வெளுத்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். கைச்செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் உரிக்கும்போது தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தாலோ, அந்த இடத்துச் சுவர் கருத்திருந்தாலோ பெயின்டரை அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். இந்தச் சோதனையை ஹாலின் நடுச்சுவரில் செய்து பயனில்லை. தரையை ஒட்டிய மூலைகளிலும் குளியலறையின் முதுகுப்புறத்திலும் செய்ய வேண்டும்.

ஆரத்தித் தட்டு சொல்லும் வேதியியல்

தண்ணீர் போனால் மட்டும் போதாது. சிமென்ட் இறுகும்போது உள்ளேயே கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. நாம் வெற்றிலையில் தடவுகிற அதே நீற்றுச் சுண்ணாம்புதான். புதிதாகப் பூசிய சுவரின் காரத்தன்மை பி.எச். 12க்கு மேல் இருக்கும். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு ஆகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். எண்ணெய் கலந்த டிஸ்டம்பரையோ எனாமலையோ இந்தச் சுவரில் அடித்தால் அதேதான் சுவரில் நடக்கும்: பெயின்ட் பிசுபிசுத்து, நிறம் மாறி, தோலாக உரியும். இன்றைய அக்ரிலிக் எமல்ஷன்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் அவற்றில் கலந்த சில நிறமிகள் தாக்குப்பிடிக்காது. அதனால்தான் அடர்நிறச் சுவர் சில மாதங்களில் திட்டுத்திட்டாக வெளுக்கிறது.

சுவரில் காரம் அடங்கிவிட்டதா என்று பார்க்க ஆய்வகத்தில் ஃபீனால்ஃப்தலீன் தெளிப்பார்கள். நம் வீட்டில் மஞ்சள்தூள் இருக்கிறது. மஞ்சள் கரைத்த நீரில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறதல்லவா? சிவக்கவைப்பது காரம். கண்ணுக்குத் தெரியாத மூலையில், பூச்சை லேசாகச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் மஞ்சள் நீரைத் தொட்டு வையுங்கள். ரத்தச் சிவப்பானால் சுவர் இன்னும் காரத்தோடு இருக்கிறது. மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் காற்றிலுள்ள கரியமில வாயு தன் வேலையைச் செய்து காரத்தை அடக்கியிருக்கிறது. சுரண்டாமல் வைத்தால் சோதனை ஏமாற்றும், ஏனென்றால் மேல்தோல்தான் முதலில் அடங்கும்.

நம்முடைய பழைய சுவர்கள் இந்தக் காரத்தைக் கண்டு பயந்ததில்லை. அவை முழுக்கச் சுண்ணாம்பாலேயே ஆனவை. பழவேற்காடு போன்ற கடலோர ஏரிகளில் வாரிய கிளிஞ்சலைச் சுட்டு, நீரூற்றி நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து அரைத்த சுண்ணாம்பு. காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு அது மறுபடி கல்லாகும். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் இந்தச் சுண்ணாம்பைப் பல அடுக்காகப் பூசினார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் கலவைக்கு, முட்டை வெள்ளைக்கரு மேல்பூச்சுக்கு. கடைசி அடுக்கை வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். நூறு ஆண்டு தாண்டியும் அந்தச் சுவர்களில் முகம் தெரிகிறது, கை வைத்தால் குளிர்கிறது. பெயின்டே தேவைப்படாத சுவர் அது. சென்னைக்கு வந்த ஆங்கிலேயர்கள் இந்த வகைப் பூச்சைப் பளிங்கோடு ஒப்பிட்டு எழுதிவைத்தார்கள்.

இதைச் சொன்னதும் “அந்தக் காலத்தில்…” என்று பெருமூச்சு விடத் தேவையில்லை. ஓர் அடுக்குக் காயாமல் அடுத்த அடுக்கு ஏற்ற முடியாத வேலை அது. பொறுமை, கைத்திறன், கூலி மூன்றும் இன்றைய நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக்கடன் தவணைக்கு ஒத்துவராது. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சுவர்களில் ஈரம் வரும், போகும். ஆண்டுதோறும் பொங்கலுக்கு நீலம் கலந்து அடித்த வெள்ளையும் ஈரத்தை மறிக்கவில்லை. இப்போது நாம் அடிக்கிற எல்லாமே மறிக்கிறவை. அதனால்தான் நாம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தவர் பார்த்துக்கொள்வார்

ஒரு வேலையிடத்தில் நான்கு நாள் நின்று கேட்டால் ஒரே வாக்கியம் ஆள் மாறி ஆள் வாயில் வரும். சுவர் நெளிந்திருந்தால் கட்டியவர் சொல்வார், “பூச்சுல நேராக்கிடலாம்.” பூச்சு நெளிந்தால் கொத்தனார் சொல்வார், “பட்டியில பாத்துக்கலாம்.” பட்டியில் கோடு விழுந்தால், “ரெண்டு கோட் அடிச்சா மறைஞ்சிடும் சார்.” எலக்ட்ரீஷியன் பைப்புக்குக் காடி எடுத்துவிட்டு, “கொத்தனார் அடைச்சிடுவார்” என்று கிளம்பிவிடுவார். கடைசியில் நிற்பவர் பெயின்டர். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆகவே எல்லோருடைய தவறுக்கும் திட்டு வாங்குகிறவர் அவர்தான்.

பூச்சு வேலையில் வீட்டுக்காரர் கண் வைக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது மணல். ஆற்று மணல் அரிதாகிவிட்ட பிறகு கட்டுவதற்கு எம்-சாண்ட், பூசுவதற்கு அதைவிட நைசான பி-சாண்ட் என்று ஆகிவிட்டது. முறையாகக் கழுவிச் சலித்த பி-சாண்டில் குறை ஒன்றும் இல்லை. பிரச்சினை, அந்தப் பெயரில் கல்குவாரித் தூசியே லாரி ஏறி வருவது. தூசி அதிகமானால் கலவை நிறையத் தண்ணீர் கேட்கும். நிறையத் தண்ணீர் குடித்த பூச்சு காயும்போது சுருங்கி வெடிக்கும். கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் மீதித் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். தெளிந்த பிறகு மணலுக்கு மேலே கனமாக மாவுப் படலம் நின்றால் அந்த லோடை இறக்கவிடாதீர்கள்.

இரண்டாவது, கொத்தனார் புள்ளி வைக்கிறாரா என்பது. சுவர் முழுக்கத் தூக்குக்குண்டு பிடித்து, ஆறேழடி இடைவெளியில் சின்னச் சின்னக் கலவைப் புள்ளிகள் வைத்து, எல்லாம் ஒரே தளத்தில் நிற்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பார்த்த பிறகே பூச ஆரம்பிக்க வேண்டும். புள்ளி வைக்காமல் கண்மட்டத்தில் பூசிய சுவர் பகலில் நன்றாகத் தெரியும். இரவில் சுவரோர விளக்கைப் போட்டதும் அலை அலையாகத் தெரியும்.

மூன்றாவது, வழவழப்புக்காக ஈரப் பூச்சின் மேல் வெறும் சிமென்டைத் தூவித் தேய்க்கிற பழக்கம். பட்டி பார்க்கப் போகிற சுவருக்கு இது தேவையே இல்லை. மேலே மட்டும் சிமென்ட் மிகுந்த ஒரு தோல் உண்டாகி, அது தனியாகச் சுருங்கி, வலைபோல மயிரிழை வெடிப்பு விடும். பட்டியும் அதில் சரியாகப் பிடிக்காது. மணியாசக் கட்டையால் தேய்த்துச் சற்றுச் சொரசொரப்பாக விட்ட பூச்சுதான் பட்டிக்கு ஏற்ற பூச்சு. காங்கிரீட் தூணையும் கூரையின் அடிப்பக்கத்தையும் கொத்திவிடாமல் பூசினாலும் இதே கதை. சில மாதம் கழித்து விரலால் தட்டினால் உள்ளே பொத்தலாக ஒலிக்கும்.

வெடிப்பைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். தூணுக்கும் செங்கலுக்கும் நடுவில் நேர்க்கோடாக ஓடினால் அங்கே கோழிவலை அடிக்கவில்லை. காங்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை, வலைதான் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். பீமுக்கு அடியில் கிடைக்கோடாக ஓடினால், சுவரை ஒரே மூச்சில் பீம்வரை ஏற்றி, அது அமர்வதற்கு நாள் கொடுக்காமல் பூசியிருக்கிறார்கள். சுவிட்சுப் பெட்டியிலிருந்து மேலே ஏறினால், எலக்ட்ரீஷியன் எடுத்த காடியைச் சும்மா அடைத்திருக்கிறார்கள். இவை பயப்பட வேண்டிய வெடிப்புகள் அல்ல. ஆனால் ஒன்றையும் பெயின்ட் மறைக்காது. ஒரு மழையும் ஒரு வெயிலும் போனால் அதே இடத்தில் அதே கோடு.

பட்டி என்னும் மாயம்

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் சாதாரண வீடுகளில் உள்சுவருக்குப் பட்டி கிடையாது. பூச்சின் மேல் வெள்ளை, கொஞ்சம் வசதி இருந்தால் டிஸ்டம்பர். இன்று பட்டி பார்க்காத சுவரை முடிக்காத சுவராகவே பார்க்கிறார்கள். வழவழப்புக்கு நம் கண் பழகிவிட்டது.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று 40 கிலோ மூட்டையில் வரும் வெள்ளைச் சிமென்ட் பட்டி. இன்னொன்று வாளியில் குழைத்தே வரும் அக்ரிலிக் பட்டி. பிரைமர் முதலிலா, பட்டி முதலிலா என்று வீட்டுக்காரரும் பெயின்டரும் சண்டை போடுவது இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான். வெள்ளைச் சிமென்ட் பட்டிக்குக் கீழே பிரைமர் வேண்டாம். சுவரை லேசாக நனைத்துவிட்டு நேரடியாகவே இழுக்கலாம். அதுவும் சிமென்ட்தான், ஈரத்தில்தான் இறுகும். அக்ரிலிக் பட்டிக்குக் கீழே பிரைமர் வேண்டும். எந்தப் பட்டியானாலும் அதற்கு மேலே பிரைமர் கட்டாயம். அது இல்லையென்றால் பட்டி பெயின்டை உறிஞ்சும், ஓர் இடம் மினுங்கும், ஓர் இடம் மங்கும்.

இரண்டு கோட் சேர்த்து ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இழுக்க வேண்டிய பொருள் இது. நெளிந்த பூச்சை நேராக்க மூன்று, நான்கு மில்லிமீட்டர் அப்பினால் பின்னால் தகடாகப் பெயர்ந்து வரும். குழைத்த பட்டியை இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து, இறுக ஆரம்பித்ததில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் அந்தப் பட்டிக்கு உயிர் இராது. காய்ந்த சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கொஞ்சம் வெள்ளை ஒட்டுவது சகஜம். கை முழுக்க மாவானால் கேள்வி கேட்கலாம்.

நல்ல பெயின்டர் பட்டியைப் பகல் வெளிச்சத்தை நம்பிச் சரிபார்க்கமாட்டார். சுவரை ஒட்டி ஒரு பல்பைப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் ஓடவிட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு மேடும் நிழல் விட்டுக் காட்டிக்கொடுக்கும். பென்சிலால் வட்டம் போட்டுவைத்து, அந்த இடத்தை மறுபடி தேய்ப்பார். முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு 180, கடைசியில் 220 அல்லது அதைவிட நைசு.

அந்தத் தேய்ப்பின்போது அறைக்குள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எதிரே இருப்பவர் தெரியமாட்டார். தலைமுடி, இமை, மூக்கு எல்லாம் வெள்ளை. அந்தத் தூசியைத்தான் பெயின்டர் நாள் முழுக்க மூச்சில் இழுக்கிறார். பெரும்பாலும் முகத்தில் ஒரு துண்டு மட்டும்தான் கட்டியிருப்பார். கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 1994 முதல் நல வாரியம் இருக்கிறது, பெயின்டர்களும் அதில் பதிவு செய்யலாம். நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுக்க வீட்டுக்காரருக்கு எந்த வாரியமும் தேவையில்லை. குழாய்களுக்கும் விளக்குகளுக்கும் ஆன செலவோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு செலவே அல்ல.

ஜிப்சம் பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை, கோவை அடுக்ககங்களில் சிமென்டுக்குப் பதிலாகச் செங்கல்மேல் நேரடியாக ஜிப்சம் இழுக்கிறார்கள். நனைக்க வேண்டாம், பட்டி பெரும்பாலும் வேண்டாம், சில நாளில் காய்ந்துவிடும். அவசரக்காரர்களுக்கு நிஜமான பதில் இதுதான். ஆனால் தண்ணீர் பட்டால் அது இளகும். குளியலறையிலும், அடியிலிருந்து ஈரம் ஏறுகிற தரைத்தளச் சுவரிலும் வேண்டவே வேண்டாம்.

உப்பு

பேச்சுவழக்கில் ‘உப்புப் பூக்குது’, ‘சுவர் பொரியுது’ என்பார்கள். மண்ணிலும் செங்கலிலும் மணலிலும் போர்வெல் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. ஈரம் அதைக் கரைத்துச் சுவரின் முகத்துக்கு எடுத்துவருகிறது. ஈரம் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. தங்கிய உப்பு படிகமாகும்போது பருக்கிறது. பெயின்டுக்கும் பட்டிக்கும் அடியில் அது பருத்தால் இரண்டையும் தூக்கி எறிந்துவிடும். மழை பெய்யும்போது ஒன்றும் தெரியாமல், வெயில் வந்த பிறகு தையிலும் மாசியிலும் சுவர் உதிர ஆரம்பிப்பது இதனால்தான்.

பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது முதல் தவறு. கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டித் துடைத்து வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். உள்பக்கம் ‘வாட்டர்ப்ரூஃப்’ கோட்டிங் அடிப்பது இரண்டாவது தவறு. ஓரடி உயரத்தில் நின்ற ஈரம், அடைத்த இடத்தைத் தாண்டி மூன்றடியில் போய் வெளியே வரும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தரையோரம் என்றால் அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்புப் பட்டை போட்டார்களா, வெளியே மண்ணைப் பேஸ்மென்டுக்கு மேல் ஏற்றிக் கொட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கூரையில் என்றால் மொட்டை மாடித் தளத்தின் வாட்டம். நடுச்சுவரில் என்றால் குழாய். குளியலறையின் முதுகு என்றால் டைல்ஸ் இடுக்கும் தண்ணீர் வடியும் குழியும். இந்த நான்கில் ஒன்றையும் பெயின்ட் கடையில் சரிசெய்ய முடியாது.

கடலோர ஊர்களிலும் நிலத்தடி நீர் உவர்ப்பான ஊர்களிலும், வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரில் கலவை போட்டு, அதே தண்ணீரை ஒரு வாரம் சுவரில் அடிக்கிறார்கள். தங்கள் கையாலேயே உப்பை ஊட்டுவது அது. பூச்சுக்கும் நனைப்புக்கும் மட்டுமாவது லாரித் தண்ணீர் வாங்கினால் நட்டமில்லை.

கருமணலில் பிறந்த வெண்மை

இத்தனைக்கும் பிறகு நிறம். பெயின்டின் வெண்மைக்கும் மறைக்கும் சக்திக்கும் காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு. அது எடுக்கப்படும் இல்மனைட் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கிறது. கேரளத்தின் சவறையில் அதே வகைக் கருமணலிலிருந்து வெள்ளை நிறமி தயாரிக்கிறார்கள். கடைக்காரர் மெஷினில் நிறம் கலக்கும்போது வெளிர் நிறங்களுக்கு இந்த வெள்ளை நிறைந்த அடிப்பொருளை எடுப்பார். பளிச்சென்ற மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வெள்ளை குறைந்த அடிப்பொருள். அதனால் அந்த நிறங்கள் இரண்டு கோட்டில் மூடாது, மூன்று, நான்கு கேட்கும். “ஒரு சுவருக்கு மட்டும் டார்க்” என்பவர்கள் அந்த ஒரு சுவருக்குக் கூடுதல் பெயின்ட் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

அட்டையில் ஒரு விரல் அகலத்தில் பார்த்த நிறம் நான்கு சுவரில் ஏறினால் அடர்ந்து தெரியும். சின்ன டப்பாவில் வாங்கி இரண்டுக்கு இரண்டடி அடித்து, காலையில் ஒரு முறை, இரவில் உங்கள் வீட்டு விளக்கில் ஒரு முறை பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் நீலம் பாரித்த வெள்ளை எல்.இ.டி. விளக்குகள்தான். கடையில் இளமஞ்சளாகக் கொஞ்சிய க்ரீம் நிறம் அந்த வெளிச்சத்தில் சாம்பலாகச் சோர்ந்துவிடும். மினுமினுப்பும் அப்படித்தான்: பளபளப்பான பெயின்டைத் துடைக்கச் சுலபம், ஆனால் சுவரின் ஒவ்வொரு குறையையும் அது ஊருக்குச் சொல்லும். பட்டி சுமாராக வந்திருந்தால் மேட் ஃபினிஷ்தான் மானம் காக்கும்.

அளவு கேட்பவர்களுக்கு: மேலே சொன்ன அதே அறை, கூரையையும் சேர்த்தால் 500 சதுர அடிக்குச் சற்று மேல். இரண்டு கோட் பட்டிக்கு ஒரு மூட்டை போதும், கொஞ்சம் முன்னே பின்னே. எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு எட்டு லிட்டர் அளவில். இதைவிட மிகக் குறைவாகப் பெயின்ட் ஆகிறதென்றால் தண்ணீர் அதிகம் கலக்கிறார்கள் என்று பொருள். மிச்சம் பிடித்துவிட்டதாகச் சந்தோஷப்பட வேண்டாம்.

ஈயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் மத்திய அரசு விதி கொண்டுவந்து, 2017 நவம்பர் முதல் அமலாக்கியது. ஜன்னல் கிரில்லுக்கென்று பரணில் கிடக்கும் பழைய எனாமல் டப்பாவை எடுத்துக் கொடுக்காதீர்கள், குழந்தைகள் கடிக்கிற கம்பி அது.

வேலை வரிசையில் பெயின்டர் சொல்வதைக் கேளுங்கள். கூரை முதலில், சுவர் பிறகு. பட்டி, பிரைமர், முதல் கோட் வரை அடித்துவிட்டு அவர் கிளம்பிவிட வேண்டும். சுவிட்சு மாட்டுகிறவர், கதவு மாட்டுகிறவர், தரை பாலிஷ் போடுகிறவர் எல்லோரும் முடித்துப் போன பிறகு வந்து கடைசிக் கோட். அந்தக் கோட்டுக்கான டப்பாக்கள் அனைத்தையும் பெரிய டிரம்மில் ஒன்றாகக் கொட்டிக் கலக்கச் சொல்லுங்கள். மெஷினில் கலந்தாலும் டப்பாவுக்கு டப்பா மயிரிழை வித்தியாசம் வரும், அது சுவரின் நடுவில் வந்தால் தெரியும். ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலையிலிருந்து மூலைவரை நிறுத்தாமல் முடிக்க வேண்டும். பாதியில் டீ குடிக்கப் போன இடம் ஒட்டுப் போட்டதுபோல் நிரந்தரமாக நிற்கும்.

முகூர்த்தத்தைத் தள்ளிப்போட முடியாதா? முடியாதுதான். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மாமன் வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. அப்படியென்றால் பிரைமர் அடித்த சுவரோடு பால் காய்ச்சுங்கள். வெள்ளையாக, சுத்தமாக, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். வாழைமரமும் மாவிலையும் சீரியல் பல்பும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஹோமப் புகையும், நிலைப்படியோரம் விரலால் வைத்த சந்தனமும் குங்குமமும் கடைசிக் கோட்டில் படாமல் தப்பும். பங்குனி, சித்திரை வெயிலில் ஜன்னல்களைத் திறந்துபோட்டு, சாமான்கள் வந்து இறங்குவதற்கு முன்போ அறை அறையாக ஒதுக்கிவைத்தோ மீதியை முடிக்கலாம். முடித்த அன்றே ஒரு லிட்டரை மூடி இறுக்கி எடுத்துவைத்து, நிறத்தின் எண்ணையும் எந்த அறை என்பதையும் டப்பாவின்மேல் எழுதுங்கள். பிள்ளைகள் கிறுக்குகிற முதல் வருஷத்துக்கு அது போதும். அதற்குப் பிறகு சுவரின் நிறம் நகர்ந்துவிடும். அப்போது அந்த இடத்தில் மட்டும் தொட்டு அடித்தால் ஒட்டு தெரியும், மூலையிலிருந்து மூலைவரை அந்த முழுச் சுவரையும் அடிக்க வேண்டியிருக்கும்.